கடலடியில் ஒரு சிரமதானம்

சிரமதானம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது கிணறு இறைப்பதும், பாடசாலை வளவைத் துப்புரவாக்குவதும், வாய்க்கால் வெட்டுவதும்தான். ஆண்கள் மண்வெட்டியுடன் வருவார்கள். பெண்கள் கடகம் தூக்குவார்கள், இடையில் தேநீரும் தயாரிப்பார்கள். இதே சிரமதானத்தைக் கடலுக்கு அடியிலும் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. முதுகில் காற்றுச் சிலிண்டரும் கையில் சிறு கத்தியும் கொண்டு இறங்கி, முருகைக்கற்பாறைகளில் சிக்கிக் கிடக்கும் வலைகளை வெட்டி அகற்றுகிறார்கள். பாறையை அரித்துத் தின்னும் உயிரினங்களைப் பிடிக்கிறார்கள். எத்தனை மீன்கள் உண்டு, எத்தனை பாறைகள் உயிருடன் உள்ளன என எண்ணிக் குறித்து வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் பெறாத தொண்டர்கள்.

அவர்கள் கடலுக்குள் செய்வதைக் கரையில் இருந்துகொண்டு செய்யும் மக்கள் அமைப்புகளும் உண்டு. அவற்றில் கணிசமானவை பெண்களின் தோள்களில் நிற்பவை. கடலைக் காக்கும் இந்தப் பணி எப்படி நடக்கிறது, எங்கே வெற்றி பெறுகிறது, எங்கே தோற்கிறது, இதில் பெண்களின் பங்கு எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பவற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லல்ல, உயிர்

முருகைக்கற்பாறை என்ற பெயரில் கல்லும் பாறையும் இருப்பதால் அதை உயிரற்ற பொருளாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது கோடிக்கணக்கான சிறு உயிரினங்கள் சேர்ந்து கட்டிய வீடு. கிளைவிட்டு வளரும் இனங்கள் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியவை. உருண்டையான பெரும் பாறைகளோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளர்கின்றன. நங்கூரம் ஒன்று இழுபட்டு ஒரு நிமிடத்தில் உடைக்கும் பாறை, ஒரு பெண் பிறந்து பேரப்பிள்ளை காணும் காலம் முழுவதும் வளர்ந்ததாக இருக்கலாம்.

உலகக் கடற்படுக்கையில் ஒரு வீதத்துக்கும் குறைவான இடத்திலேயே இப்பாறைகள் உள்ளன. ஆயினும் கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏதோ ஒரு பருவத்தில் இவற்றைச் சார்ந்து வாழ்கின்றன. எமது சட்டிக்கு வரும் மீன்களில் பல குஞ்சாக இருந்தபோது ஒளிந்து வளர்ந்த இடம் இதுதான்.

பாறைகள் கரையையும் காக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 இதற்குக் கசப்பான சாட்சியாகும். தென்கரையில் பெரேலிய என்ற இடத்தில் கடல் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் நிலத்துக்குள் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட புகையிரதம் புரட்டப்பட்டது இங்கேதான். சில கிலோமீற்றர் தள்ளி, கரைக்கு முன்னால் முருகைக்கற்பாறை இருந்த ஹிக்கடுவையில் அலையின் உயரமும் அது உள்ளே வந்த தூரமும் மிகக் குறைவு. பெரேலிய பகுதியில் பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகப் பாறை அகழப்பட்டிருந்தது. இவ்வேறுபாட்டை 2005இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக் காட்டியது. பாறை அகழ்வது சட்டப்படி தடைசெய்யப்பட்ட செயல். ஆனால் வறுமை உள்ள இடத்தில் சட்டம் மட்டும் போதாது என்பதையும் நாம் அறிவோம்.

சுழியோடிகள் செய்வது என்ன?

தொண்டர்களாக இறங்கும் சுழியோடிகளின் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது வலை அகற்றுதல். நைலோன் வலையும் தங்கூசி வலையும் உக்குவதில்லை. அறுந்து கடலில் மிதக்கும் வலை, சொந்தக்காரர் இல்லாமலே பல ஆண்டுகளுக்கு மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் அகப்படும் மீன் யாருக்கும் உணவாவதில்லை. அந்த மீனைத் தின்ன வரும் ஆமையும் அதிலேயே சிக்கி மூச்சடைத்து இறந்துபோகிறது. ஆங்கிலத்தில் இவற்றைப் பேய் வலைகள் என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். பாறையில் சுற்றிய வலையைப் படகில் கட்டி இழுத்தால் பாறையும் சேர்ந்து உடைந்துவிடும். எனவே சுழியோடிகள் அங்குலம் அங்குலமாக வெட்டி எடுத்து, காற்று நிரப்பிய பைகளில் கட்டி மேலே அனுப்புகிறார்கள். வெட்டுபவரே வலையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் எவரும் தனியே இறங்குவதில்லை. இருவர் இருவராகவே இறங்குவர்.

இரண்டாவது, உடல் முழுவதும் முள் கொண்ட ஒருவகை நட்சத்திர மீனைக் கட்டுப்படுத்துதல். முட்கிரீட நட்சத்திர மீன் எனப்படும் இது உயிருள்ள முருகைகளையே உணவாகக் கொள்கிறது. ஒன்று மட்டும் ஆண்டுக்கு ஆறு சதுர மீற்றர் வரையான பாறையைத் தின்றுவிடக்கூடும். அளவோடு இருக்கும்வரை இதனால் தீங்கில்லை. இதைத் தின்னும் பெரிய சங்கினங்களையும் மீன்களையும் மனிதர் அளவுக்கு மீறி அள்ளுவதும், நிலத்திலிருந்து உரமும் கழிவும் கடலுக்குள் செல்வதும் இதன் பெருக்கத்துக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. திருகோணமலைப் பகுதிப் பாறைகளில் 1970களிலேயே இப்பெருக்கம் பதிவாகியுள்ளது. முள்ளில் நஞ்சு இருப்பதால் கையால் தொட முடியாது. கொக்கியால் பிடித்துக் கூடையில் இட்டு வெளியே கொண்டு வருவார்கள். வீட்டுச் சமையலில் பயன்படும் வினாகிரியை ஊசியால் ஏற்றினாலே இது இரண்டு நாட்களுக்குள் இறந்துவிடும் என்பதை 2015இல் அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். விலையுயர்ந்த இரசாயனம் வாங்க வசதியற்ற நாடுகளின் தொண்டர்களுக்கு இது பெரும் வரப்பிரசாதமாகியது.

மூன்றாவது கணக்கெடுத்தல். இதுவே அதிகம் பேசப்படாத, ஆனால் மிகப் பயனுள்ள வேலை எனலாம். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘ரீஃப் செக்’ என்ற முறையில், கடலடியில் 100 மீற்றர் நீள நாடா ஒன்றை விரித்து, அதன் வழியே நீந்தியபடி கணக்கெடுக்கிறார்கள். கலவாய், கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், சிங்க இறால், கடலட்டை போன்ற தெரிவுசெய்யப்பட்ட உயிரினங்கள் எத்தனை என்று எண்ணுவர். நாடாவின் ஒவ்வொரு அரை மீற்றரிலும் கீழே இருப்பது உயிருள்ள முருகையா, இறந்ததா, மணலா என்று குறிப்பர். இதற்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. சில நாள் பயிற்சியும் பொறுமையும் போதும். எந்த நாட்டு அரசாங்கத்துக்கும் தன் கடல் முழுவதையும் ஆண்டுதோறும் பார்வையிட ஆய்வாளர்கள் போதாது. தொண்டர்கள் எடுத்த கணக்குகள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

இவ்வாறான கணக்கு ஏன் அவசியம் என்பதை 1998ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு கடல் நீர் வழமைக்கு மாறாகச் சூடேறியதால் இலங்கையின் பல பாறைகள் வெளிறி இறந்தன. 1992இல் கடல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட கற்பிட்டிப் பாறைத்தொடரின் ஆழங்குறைந்த பகுதிகளும் ஹிக்கடுவையும் பெரும் அழிவைக் கண்டன. திருகோணமலைப் பக்கம் பாதிப்பு ஒப்பீட்டளவில் குறைவு. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஆனால் அங்கு உல்லாசப் பயணிகள் பாறையை மிதித்து நடப்பதும், உடைத்த துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்வதும் வேறொரு தொல்லையாகியது. சரணாலயம் என்ற பெயர்ப் பலகை மட்டும் எதையும் காப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் மனிதர்கள் வேண்டும்.

கப்பல் எரிந்தபோது

2021ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற கொள்கலன் கப்பல் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்களுடன் வந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும், பிளாஸ்டிக் பொருட்கள் செய்யும் மூலப்பொருளான சிறு மணிகள் சுமார் 1,680 தொன்னும் இருந்தன. பல நாட்கள் எரிந்த பின் யூன் மாதத்தில் கப்பல் மூழ்கியது. பருப்பு மணி அளவிலான வெண்ணிற மணிகள் பனி பெய்ததுபோல மேற்குக் கரையை மூடின. இதுவரை உலகில் கடலில் சிந்திய பிளாஸ்டிக் மணிகளில் மிகப் பெரிய அளவு இதுவே. தொடர்ந்து வந்த வாரங்களில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கரையொதுங்கின.

அது கொரோனா காலம். போக்குவரத்துத் தடை இருந்தது. கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை கரையோர மக்களையும் சேர்த்துக்கொண்டு துப்புரவு வேலையைத் தொடங்கியது. தடை தளர்ந்தபின் ‘பேர்ள் புரொடெக்டர்ஸ்’ போன்ற இளைஞர் தொண்டர் அமைப்புகள் வார இறுதிகளில் நூற்றுக்கணக்கானோரைத் திரட்டிக் கடற்கரைக்கு அழைத்து வந்தன. 2018இல் தொடங்கப்பட்ட இவ்வமைப்பில் சுழியோடத் தெரிந்தவர்களும் உண்டு, நீச்சலே தெரியாதவர்களும் உண்டு.

இவர்கள் கையாண்ட கருவிகள் எமது அடுக்களைக்குப் பழக்கமானவை: அரிதட்டு, வாளி, சல்லடை. மணலை வாளி நீரில் கொட்டினால் மணல் கீழே போகும், பிளாஸ்டிக் மணி மேலே மிதக்கும். அதை வடித்து எடுக்க வேண்டும். அரிசியில் கல் அரிக்கும் பொறுமை இதற்கு வேண்டும். ஒரு நாள் முழுவதும் அரித்தாலும் சில கிலோதான் தேறும். அடுத்த அலை மேலும் கொண்டு வந்து கொட்டும். ஆயினும் ஆண்டுகள் கடந்தும் அவர்கள் இதைத் தொடர்ந்தார்கள். எந்தக் கரையில் எவ்வளவு மணி இன்னும் உள்ளது என்று அளந்து பதிவு செய்தும் வந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கப்பல் எரிந்ததும் பாதிக்கப்பட்ட கரையோரத்தில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தடையில்லாத இடங்களில் பிடித்த மீனையும் நஞ்சு என்ற பயத்தில் மக்கள் வாங்கவில்லை. கடலுக்குப் போகும் ஆணுக்கு நட்டஈட்டுப் பட்டியலில் பெயர் எழுதுவது எளிது. படகுக்கு இலக்கம் உண்டு, சங்கத்தில் அங்கத்துவம் உண்டு. ஆனால் கரையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண், கருவாடு போடும் பெண், நாட்கூலிக்கு வலை பொத்தும் பெண் ஆகியோரின் இழப்பை எந்தப் பதிவேட்டில் தேடுவது? அனர்த்தம் எதுவானாலும் பெண்ணின் உழைப்பு கணக்கில் ஏறாமல் போவதை நலன்புரிப் பணியில் உள்ளோர் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம், கப்பலுடன் தொடர்புடைய தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. சுற்றாடல் அமைப்புகளும் சமயத் தலைவர்களும் மீனவரும் தாக்கல் செய்த மனுக்களின் பயன் இது. தீர்ப்பு வேறு, பணம் கைக்கு வருவது வேறு. ஆனால் கரையில் குனிந்து அளந்த தொண்டர்களின் குறிப்புகளைப் போன்ற சான்றுகள் இல்லாவிட்டால் அழிவு எவ்வளவு என்பதை எவரும் நிறுவ முடியாது என்பதை மறக்கக் கூடாது.

கண்டல் காக்கும் பெண்கள்

சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் காட்டை ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் அழைப்பர். அது இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில். புயலுக்கும் அலைக்கும் வேலி. 1980களிலும் 90களிலும் புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில் வெண்புள்ளி நோய் வந்து இறால்கள் இறந்ததும் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இறாலும் இல்லை, காடும் இல்லை என்ற நிலையில் களப்பை நம்பி வாழ்ந்த குடும்பங்களே எஞ்சின.

2015இல் இலங்கை அரசாங்கமும், சிலாபத்தை அடுத்த பம்பலையைத் தளமாகக் கொண்ட ‘சுதீச’ என்ற சிறு மீனவர் அமைப்பும், அமெரிக்காவின் ‘சீகொலஜி’ நிறுவனமும் இணைந்து நாட்டின் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டமொன்றைத் தொடங்கின. அப்போது கணக்கிடப்பட்ட பரப்பு 8,815 ஹெக்டயர். திட்டத்தின் மையமாகப் பெண்கள் வைக்கப்பட்டனர். 1,500 சிறு குழுக்கள் மூலம் 15,000 பெண்களுக்குத் தொழிற் பயிற்சியும் சிறு கடனும் வழங்குவது, ஒவ்வொரு குழுவும் சுமார் எட்டரை ஹெக்டயர் காட்டைக் கண்காணிப்பது என்பதே ஏற்பாடு. விறகுக்காகக் கண்டல் வெட்டும் நிலையில் இருந்த பெண் தையலோ, கோழி வளர்ப்போ, சிறு கடையோ நடத்தத் தொடங்கினால் காடும் தப்பும், அடுப்பும் எரியும் என்ற எண்ணம் இதன் அடிப்படை. 2016 யூலை 26இல் கண்டல் காடுகளுக்கான உலகின் முதலாவது அருங்காட்சியகம் பம்பலையில் திறக்கப்பட்டது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீளுருவாக்கப் பணியை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாகத் தெரிவு செய்தது.

இது பெருமைப்பட வேண்டிய விடயம். ஆனால் தோல்வியையும் பேசினால்தான் பாடம் முழுமை பெறும். ஆழிப்பேரலைக்குப் பின் எல்லாரும் கண்டல் நட ஓடி வந்தார்கள். பதாகை, புகைப்படம், சிற்றுண்டி எல்லாம் இருந்தன. நாட்டின் 23 இடங்களில் நடந்த நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நடப்பட்டவற்றில் சுமார் 200 முதல் 220 ஹெக்டயரே வெற்றியளித்தது. அலை அதிகம் ஏறும் இடத்திலும், கண்டல் ஒருபோதும் இருந்திராத இடத்திலும் நட்டமை, ஒரே இனத்தையே எங்கும் நட்டமை, நட்டபின் எவரும் திரும்பிப் பாராமை, கால்நடைகள் மிதித்தமை ஆகியன காரணங்கள். எந்த மேட்டில் எந்த மரம் நிற்கும் என்பது அக்களப்பில் மட்டி பொறுக்கியும் இறால் பிடித்தும் வாழ்ந்த பெண்ணுக்குத் தெரியும். அவரிடம் கேட்காமல் நட்டதன் விலைதான் அந்த இழப்பு.

கடலுக்குள் இறங்கிய பெண்கள்

சுழியோடுவது ஆண்களின் வேலை என்ற எண்ணம் எமது கரைகளில் ஆழப் பதிந்துள்ளது. உலகத்தைப் பார்த்தால் அது அப்படியல்ல. தென் கொரியாவின் ஜெஜு தீவில் ‘ஹென்யோ’ எனப்படும் பெண்கள் சிலிண்டர் எதுவுமின்றி, மூச்சையடக்கி இறங்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுத்து வருகிறார்கள். 1960களில் இருபதினாயிரத்துக்கும் மேல் இருந்த அவர்களின் தொகை இப்போது சில ஆயிரங்களாகக் குறைந்துவிட்டது. பெரும்பாலானோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். எந்த நாளில் இறங்குவது, எந்த அளவுக்குச் சிறியதை எடுக்கக் கூடாது, எக்கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்பவற்றை அவர்களே கூடித் தீர்மானிக்கிறார்கள். யுனெஸ்கோ 2016இல் இப்பண்பாட்டை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பப்புவா நியூகினியிலும் சொலமன் தீவுகளிலும் ‘மெலனீசியாவின் கடற்பெண்கள்’ என்ற அமைப்பு உள்ளூர்ப் பெண்களுக்குச் சுழியோடவும் பாறைகளைக் கணக்கெடுக்கவும் பயிற்சி அளிக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் தத்தமது கிராமங்களுக்குச் சென்று, தங்கள் மொழியிலேயே கடலின் நிலையை எடுத்துக்கூறிப் பாதுகாப்புப் பகுதிகளை அமைக்க உதவுகிறார்கள். 2021இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டத்தின் உயர் விருது இவர்களுக்குக் கிடைத்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மன்னார்க் குடாவின் மறுகரையில், பாம்பன் பகுதியில் தமிழ்ப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். கடற் பூங்காவுக்குள் நுழையக் கூடாதென்ற தடை அவர்களின் பிழைப்பை முட்டியபோது, தாங்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பாசி எடுப்பது, கடலுயிர்கள் பெருகும் பருவத்தில் முற்றாக நிறுத்துவது என்று முடிவெடுத்தனர். இவர்களின் தலைவியாகிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகொலஜி பரிசு வழங்கப்பட்டது.

எமது நாட்டிலும் முன்னோடிகள் உள்ளனர். நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்த கலாநிதி ஆஷா டி வொஸ், வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து தரவுகளை எடுத்துக்கொண்டு போய்விடும் போக்கைக் கடுமையாக விமர்சித்து வருபவர். கடலோரம் வாழ்பவர்களே கடலின் காவலராக வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென அலைச்சறுக்குக் கழகமொன்று உருவானதும் சிறிய விடயமல்ல.

ஏனெனில் நீந்தத் தெரிவது எமது பெண்களுக்குப் பொழுதுபோக்கல்ல, உயிர்ப் பிரச்சினை. ஆழிப்பேரலையில் ஆண்களை விடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள் என்பதை ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் எடுத்துக் காட்டியது. ஆண் பிள்ளைகளுக்கு நீந்தவும் மரமேறவும் பழக்குகிறோம். பெண் பிள்ளைகளுக்குப் பழக்குவதில்லை. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பெண் கடலில் இறங்கத் தெரியாமல் இறந்தாள் என்பது எவ்வளவு பெரிய அவலம்!

யார் செய்வது, யார் இழப்பது?

தொண்டு என்ற சொல்லைப் பெண்களிடம் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். நகரத்திலிருந்து வரும் சுழியோடி தன் ஓய்வு நாளைத் தருகிறார். அவருக்கு நன்றி. ஆனால் பாறைப் பகுதியில் மீன்பிடிக்கத் தடை வந்தால் அவரது வீட்டு உலை அணைவதில்லை. கரையோரக் குடும்பத்தின் உலைதான் அணைகிறது. அதுபோலவே, சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, மீன் விற்று வந்த பெண்ணிடம் மாலையில் கண்டலுக்கும் காவல் இரு என்று சொல்வது மூன்றாவது வேலைச் சுமை. அதற்கு ஊதியமோ கடன் வசதியோ, குறைந்தபட்சம் தீர்மானம் எடுக்கும் கூட்டத்தில் ஒரு கதிரையோ வேண்டும். நடுகைக்குப் பெண்கள் வேண்டும், நிர்வாக சபைக்கு ஆண்கள் போதும் என்ற நிலை எமது பல சங்கங்களில் இன்னமும் மாறவில்லை.

கடல் போன்ற பொதுவளத்தை அரசாங்கமோ தனியாரோதான் காக்க முடியும் என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. அதைப் பயன்படுத்தும் மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று பல நாடுகளின் சான்றுகளுடன் நிறுவியவர் எலினோர் ஒஸ்ட்ரொம். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற முதற் பெண்மணி அவர். தோல்விக்கு உதாரணமாக அவர் தமது நூலில் எடுத்துக்கொண்டவற்றுள் எமது தென்கரையின் மாவெல்ல கரைவலைத் தொழிலும் ஒன்று. வலைகளின் தொகையைக் கட்டுப்படுத்த சட்டம் இருந்தும் அது நடைமுறைப்படுத்தப்படாததால் வலைகள் பெருகி, ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு சுருங்கியது. விதி இருந்தால் மட்டும் போதாது. அதை மக்களும் அதிகாரிகளும் சேர்ந்து காக்க வேண்டும்.

சேர்ந்து குரல் கொடுத்தால் பயன் உண்டு என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலுக்கு எதிராக வடபகுதி மீனவர் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பியதன் தொடர்ச்சியாக, 2017 யூலையில் அத்தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

எமது மாதர் சங்கங்கள் என்ன செய்யலாம்?

எல்லாராலும் சிலிண்டர் கட்டி இறங்க முடியாது. அது தேவையுமில்லை. முறையான பயிற்சியும் சான்றிதழும் இன்றி எவரும் இறங்கவும் கூடாது. சங்கும் கடலட்டையும் குளிக்கும் தொழிலாளர் பலர், ஒரே நாளில் பல தடவை ஆழத்துக்குச் சென்று வேகமாக மேலே வருவதால் உடலில் நைதரசன் குமிழிகள் தோன்றி முடமாகியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பான சுழியோடல் முறைகளைக் கற்பிப்பதே தொண்டர் சுழியோடிகள் செய்யக்கூடிய பெரிய உதவியாக இருக்கும்.

கரையில் இருந்தே செய்யக்கூடியவை நிறைய உள்ளன.

பழைய வலை, தங்கூசித் துண்டுகளைக் கடலில் எறியாமல் சேர்த்து வைக்க, இறங்குதுறையில் ஒரு பீப்பாய் வைக்கலாம். வலை பொத்துபவர்கள் பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்கள்தான். அவர்களிடமிருந்தே இது தொடங்கலாம்.

கரையொதுங்கும் ஆமை, கழிவு, வலைத்துண்டு ஆகியவற்றைத் திகதியுடன் கொப்பியில் குறித்து வரலாம். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு பெண்கள் 2,800 தொண்டர்களைச் சேர்த்துக் கடற்கரையைத் துப்புரவாக்கியதுடன், எடுத்த ஒவ்வொரு பொருளையும் பட்டியலிடவும் வைத்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் உலகெங்கும் நடைபெறும் கடற்கரைத் துப்புரவு நாள் அதிலிருந்து பிறந்ததுதான். பெருக்கிக் குவித்தது மறந்துபோகும். எழுதி வைத்தது சாட்சியாக நிற்கும்.

சந்தையில் முட்டையுடன் இருக்கும் சிங்க இறாலை வாங்க மறுக்கலாம். அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். பெப்ரவரி, செப்டம்பர், ஒக்டோபர் ஆகிய மாதங்கள் சிங்க இறால் பிடிக்கத் தடையான காலம் என்பதும் நினைவிருக்கட்டும். முருகைக்கல் அலங்காரப் பொருட்களை வீட்டுக்கு வாங்காமலும் அன்பளிப்பாகக் கொடுக்காமலும் இருக்கலாம்.

எந்த நிறுவனம் கண்டல் நட வந்தாலும், எந்த இனம், எந்த இடம், யார் பராமரிப்பது, அதற்கு யார் பணம் தருவது என்ற நான்கு கேள்விகளைச் சங்கம் முதலில் கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் புகைப்படத்துக்கு நிற்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும். உடை பற்றிய கூச்சமும், ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கமும் பெற்றோரிடம் இருப்பது இயல்பு. பெண் பயிற்றுநரும், மறைவான இடமும், பொருத்தமான உடையும் ஏற்பாடு செய்தால் அத்தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். இதை ஒரு தாய் தனியே செய்வது கடினம். ஒரு சங்கம் சேர்ந்து செய்தால் இலகு.

கடல் வீட்டு வாசலுக்கு அருகிலேயே இருந்தாலும், அதைப் பற்றிய தீர்மானங்கள் எமது பெண்களுக்கு வெகு தொலைவிலேயே எடுக்கப்பட்டு வந்துள்ளன. அந்தத் தூரத்தைக் குறைக்க உங்கள் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு நீந்தத் தெரியும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.